லேபிள் இல்லாத பாட்டில்

கத்பர்ட் ஹார்ட்லா காரை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. எதிரே கொட்டகையின் கற்சுவரில் அவருடைய குடும்பப் பெயர் ஆள் உயரத்துக்குப் பச்சை எழுத்தில் நின்றது. அதன் கீழே, கொஞ்சம் சிறியதாக, ‘ஜின்’ என்று எழுதியிருந்தது.

“போன தடவை வந்தப்போ இவ்வளவு பெரிசா இல்லையே,” என்றார்.

“இருந்துச்சு. நீதான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை டார்கஸ். “எறங்கு. உக்காந்து மொறைச்சா எழுத்து சின்னதாயிடுமா?”

காக்கெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹார்ட்லா என்ற பெயர் தேவாலயச் சுவரில் இருந்தது. போரில் மாண்டவர்களின் கல்லில் இருந்தது. கால்நடைச் சந்தையின் ஏல மேடைக்கு மேலேயும் இருந்தது. அந்த மேடையில் நின்று கத்பர்ட் தம் ஆயுளில் பாதியை ஆடுமாடுகளை ஏலம் விட்டே கழித்தவர், அவருக்கு முன் அவருடைய அப்பா. அந்தப் பெயர் ஒருநாள் மதுப் பாட்டிலின் வயிற்றில் ஏறும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அந்த ஆளோடு அவர் பேச்சையே நிறுத்தியிருப்பார்.

ஆனால் கேட்டது மகன் ஏய்டன். கூட வந்து நின்றவள் மருமகள் மெரியல். பழைய ஆட்டுக் கொட்டகையில் செப்பு வடிகலம் வைத்து ஜின் காய்ச்சப் போகிறோம், குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் மூன்று நாள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மட்டமான பாட்டில் ஒன்று இந்தக் கொட்டகையை விட்டு வெளியே போனதாகத் தெரிந்தால், அன்றே பெயரை எடுத்துவிட வேண்டும். மெரியல் சரி என்று கை கொடுத்தாள். இன்றுவரை ஒரு குறையும் அவர் காதுக்கு வரவில்லை.

இன்று வரப்போகிறவள் சாதாரண விருந்தாளி அல்ல. நாடு முழுக்க விடுதிகள் நடத்தும் ஒரு கம்பெனிக்கு மது வாங்குகிறவள். அவள் சரி என்று தலையை ஆட்டினால் ஹார்ட்லா என்ற பெயர் லண்டன்வரை எல்லா விடுதியிலும் மேசைமேல் உட்கார்ந்துவிடும். பிடிக்காவிட்டால் அதுவும் லண்டன்வரை போகும். அதற்காகத்தான் கத்பர்ட் வந்திருந்தார். சனிக்கிழமை ருசி பார்க்கும் கூட்டத்தில் இரண்டு நாற்காலிக்கு எல்லாரையும்போலப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். ஓசியில் குடித்தால் வாயைத் திறந்து குறை சொல்ல முடியாது அல்லவா.

இறங்கியதும் காற்று மூக்கில் அறைந்தது. அடுத்த வயலில் சாணிக் கரைசல் அடித்துக்கொண்டிருந்தார்கள். டார்கஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மெரியல் வாசலுக்கே ஓடிவந்தாள். “வாங்க கத்பர்ட்! டார்கஸ், வாங்க, வாங்க. உள்ள ஒரே புழுக்கமா இருந்துச்சு, ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து விட்டுட்டேன். வர்றவங்களுக்கு நல்ல காத்து வரட்டும்.”

“நல்ல காத்தா?” கைக்குட்டைக்குள்ளிருந்து டார்கஸின் குரல் வந்தது. “அம்மாடி, மாடு வந்து மூஞ்சிமேல உக்காந்த மாதிரி இருக்கு.”

மெரியல் சிரித்தாள். “ஆமா ஆமா, என்னா நாத்தம்!” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு போனாள்.

சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்ததைக் கத்பர்ட் கவனித்தார். ஏல வளையத்தைச் சுற்றி நிற்கிற நூறு முகத்தில் எவன் புருவத்தை எப்போது தூக்குகிறான் என்று பார்த்தே பிழைத்தவர். பிந்தித் தலையாட்டுகிறவனுக்கு எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாது என்பது அவருடைய அனுபவம். ஆனால் ஜன்னலுக்கும் ஏலத்துக்கும் என்ன சம்பந்தம்? விட்டுவிட்டார். முழுக்க விடவும் முடியவில்லை. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார், மறுபடி உட்கார்ந்தார்.

மற்றவர்கள் வருமுன் ஒரு வாய் தேநீர் குடிக்கலாம் என்று மெரியல் கொண்டுவந்து வைத்தாள். பால் கெட்டுப்போயிருந்தது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போதே புளித்த வாடை ஏறியது. டார்கஸ் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கோப்பையைப் பார்த்தார். மெரியல் பால் சேர்க்காத தன் தேநீரைக் குடித்துக்கொண்டே, “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாள்.

“சர்க்கரை போதும்,” என்றாள் டார்கஸ். “பால்தான் போன வாரமே செத்துப்போச்சு.”

“ஐயோ! காலையில வாங்கினதுன்னு நெனச்சேன்.” மெரியலின் கழுத்துவரை சிவந்தது. கோப்பைகளை அள்ளிக்கொண்டு போனாள்.

“பதட்டத்துல இருக்கா,” என்றாள் டார்கஸ் மெதுவாக. “நீ மேசைமேல தாளம் போடறதை நிறுத்து. நீ வேற அவள பயமுறுத்தாதே.”

“நான் தாளம் போடலை.”

“பின்னே உன் விரலுக்கு யார் சொல்லிக்குடுத்தாங்க?”

அவர் எழுந்து வடிகலம் இருந்த அறைக்குப் போனார். செப்பு வயிறு வெயிலில் மின்னியது. சுவரோரப் பலகையில் ஒரே அளவில், ஒரே வடிவில் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் தண்ணீர்போலத் தெளிந்த சாராயம். ஒன்றிலும் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை.

“இதுல எது எதுன்னு எப்படித் தெரியும்?” பின்னாலேயே வந்த மருமகளைக் கேட்டார்.

“வடிக்கிறவங்க உள்ள லேபிள் ஒட்ட மாட்டாங்க.” அதைச் சொல்லும்போது மட்டும் மெரியலின் குரலில் பழைய நிமிர்வு வந்தது. “மூடியத் தெறந்தா மூக்கே சொல்லிடும். லேபிளெல்லாம் கடைக்குப் போற பாட்டிலுக்குத்தான். நான் வேலை கத்துக்கிட்ட எடத்துல, உள்ள ஒருத்தன் லேபிள் ஒட்டினான்னா அன்னிக்கெல்லாம் அவனைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க.”

“எல்லாம் ஒரே சரக்குதானா?”

“இல்ல. மொதல்ல வர்றது சுள்ளுன்னு இருக்கும், அதைத் தனியா எடுத்துடுவோம். நடுவுல வர்றதுதான் ஜின். கடைசியா வர்றது எண்ணெயும் நாத்தமுமா இருக்கும். பூனைகூடத் தொடாது. தண்ணி பட்டா பால் மாதிரி ஆயிடும். அதைக் கொட்ட மாட்டோம், அடுத்த தடவை காய்ச்சறப்போ திரும்ப ஊத்திடுவோம்.”

“ஏய்டன் இதெல்லாம் பார்த்துக்கறானா?”

“அவர் கடல்ல இல்ல இருக்கார்? எண்ணெய்க் கிணத்து வேலை முடிஞ்சு அடுத்த வாரம்தான் வருவார்.” அவள் பார்வை பாட்டில் வரிசைக்குப் போய்த் திரும்பியது. “வந்தா எல்லாத்தையும் ஒரு தடவை மோந்து பார்ப்பார்.”

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் ஏப்ரனைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள்.

நியூகாசிலிலிருந்து நான்கு தோழிகள் வந்திருந்தார்கள். வரும்போதே ஒரு சுற்று முடித்துவிட்டு வந்த கலகலப்பு. பிம் என்ற பல் மருத்துவர் மனைவியோடு வந்திருந்தார். எதைப் பார்த்தாலும் “அற்புதம்” என்கிற மனிதர். கடைசியாகச் சாம்பல் நிறக் கோட்டில், கையில் எதுவுமில்லாமல் ஒருத்தி இறங்கினாள். அவள்தான் விடுதிக் கம்பெனியின் ஹென்ஷா. நீள மேசையில் கத்பர்ட்டுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“பாட்டில்ல இருக்கற ஹார்ட்லா நீங்கதானா?” என்று கேட்டாள்.

“பாட்டில்ல இருக்கறது என் பேர். நான் வெளிய இருக்கேன்.”

ஹென்ஷா உதட்டோரம் சிரித்தாள். “சந்தையில ஏலம் விட்டவர்னு கேள்விப்பட்டேன். எங்க தாத்தா அங்கதான் ஆடு விப்பார். குறை இருக்கற ஆட்டை வித்தா என்ன பண்ணுவீங்க?”

“விக்கறவனே வளையத்துக்குள்ள நின்னு வாயால சொல்லிடணும். ஒரு காம்பு அடைஞ்சிருக்கு, ஒரு கண்ணு தெரியாது, எதுவா இருந்தாலும். அவன் சொல்லாம மேடையில நான் வாயத் தெறக்க மாட்டேன்.” முதுகு தானாக நிமிர்ந்தது. “மறைச்சு வித்தவன் அடுத்த சந்தைக்கு ஆட்டோட வந்தா, ஒரு கை தூக்காது. அவனுக்கு மட்டுமில்ல, அவன் மகனுக்கும் தூக்காது.”

“நல்ல வழக்கம்,” என்றாள் ஹென்ஷா.

முதல் சுற்று, கடைகளில் விற்கிற ஜின். மெரியல் சின்னச் சின்னக் குவளைகளில் ஊற்றினாள். முதலில் வெறுமனே ஒரு மிடறு, பிறகு உயரமான குவளையில் பனிக்கட்டியும் டானிக் தண்ணீரும் சேர்த்து. கத்பர்ட் விஸ்கி குடிக்கிறவர். ஜின் என்றால் திருமண வீட்டுப் பெண்களின் பானம் என்று நினைப்பு. ஆனால் மிடறு உள்ளே போனதும், மழை ஓய்ந்த பிறகு மலைச்சரிவில் ஜூனிபர்ப் புதர் நடுவே நடப்பதுபோல ஒரு மணம் தொண்டைக்குப் பின்னால் எழுந்தது. நன்றாகவே இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, குவளையைக் காலி செய்துவிட்டு வைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு.

“அடுத்தது இன்னும் வெளிய போகாதது,” என்றாள் மெரியல். கண் ஹென்ஷாமேல் இருந்தது. “உங்களுக்காகவே வடிச்சது. மேல சதுப்புல மிர்ட்டில்னு ஒரு செடி, அந்த இலைய நானே பறிச்சுப் போட்டிருக்கேன்.”

உள்ளே போய் லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றை எடுத்துவந்தாள். எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெல்ல இழுத்து, திருப்தியாகத் தலையாட்டினாள். சின்னக் குவளைகள் நிறைந்தன.

கத்பர்ட் வாயில் ஊற்றிக்கொண்டார்.

நனைந்த நாயை அட்டைப் பெட்டியில் போட்டு முட்டைக்கோஸோடு வேகவைத்ததுபோல இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று ஒரு கணம் தெரியவில்லை. ஹார்ட்லாக்கள் மேசையில் துப்புவதில்லை. விழுங்கினார். நாக்கில் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். டார்கஸ்கூட ஹென்ஷாவைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்கு தோழிகளும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

“ரொம்ப… தைரியமா இருக்கு,” என்றாள் ஒருத்தி.

“அற்புதம்!” என்றார் பிம். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. “மண்வாசனை. அசல் மண்வாசனை.”

“மிர்ட்டில் கொஞ்சம் தூக்கலா இருக்கும். தெரியுதா?” மெரியல் ஆவலாகக் கேட்டாள்.

“நல்லாவே தெரியுது,” என்றாள் பிம்மின் மனைவி. அரைக் குவளையை அப்படியே தட்டுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.

ஹென்ஷா ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது குவளையை அல்ல, மெரியலை.

கத்பர்ட்டும் மெரியலைப் பார்த்தார். அந்த முகத்தில் சூதும் இல்லை, பயமும் இல்லை. பரிசுக்குக் கன்றைக் கொண்டுவந்து நிறுத்தியவளின் முகம். இது மட்டம் என்று தெரிந்தவள் இப்படி நிற்க முடியாது. ஆனால் இப்போதுதானே மோந்து பார்த்தாள்? கண்ணை மூடி, தலையாட்டி… சாணி நாற்றத்துக்குத் திறந்து வைத்த ஜன்னலும், செத்த பாலும், பிந்தி வந்த சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன. இந்தப் பெண்ணுக்கு மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, வேலை செய்யவில்லை. கடைசி வடிப்பை ஊற்றிவிட்டு, புகழுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

அவருக்கு நாற்காலி கொள்ளவில்லை. மெரியல் உயரமான குவளைகளை அடுக்கினாள், பனிக்கட்டி போட்டாள், ஒரு கையில் அந்தப் பாட்டிலையும் மறு கையில் டானிக் தண்ணீரையும் எடுத்தாள். தண்ணீர் பட்டால் பால் மாதிரி ஆகிவிடும் என்று அவளே சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்பது குவளைகளும் கழுநீராய் வெளுக்கும். அப்புறம் மரியாதை பார்த்து யாரும் ‘மண்வாசனை’ என்று சொல்லித் தப்ப முடியாது. நியூகாசிலுக்கும் லண்டனுக்கும் கதை போகும்: ஹார்ட்லா என்று ஒரு குடும்பம், எச்சத்தை ஊற்றி விற்கிறார்கள்.

கத்பர்ட் எழுந்தார். பாட்டில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் கோட்டைச் சரிசெய்கிறவர்போல முழங்கையை அகல வீசினார்.

பாட்டில் மெரியலின் கையிலிருந்து தெறித்துக் கல் தரையில் விழுந்து சிதறியது.

“ஐயோ! கத்பர்ட்!”

“கால்… கொஞ்சம் தடுமாறிடுச்சு,” என்றார். இந்தச் சமயத்தில் நேராக நிற்பது கூடாது என்று நினைத்து மேசையைப் பிடித்துக்கொண்டு லேசாகச் சாய்ந்தார். வாழ்நாளில் அவர் சாய்ந்து நின்றதை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை.

“உக்காருங்க பெரியவரே, உக்காருங்க,” பிம் ஓடிவந்து தோளைப் பிடித்தார். “பரவால்ல, வயசானா ஒரு குவளையே தூக்கிடும். எங்க மாமனாரும் இப்படித்தான்.”

தோழிகளில் ஒருத்தி, “பாவம், தாத்தாவுக்கு ஏறிடுச்சு,” என்று சொன்னது அவருக்கு நன்றாகக் கேட்டது. காது மடல் கொதித்தது. டார்கஸ் மட்டும் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். அரை பாட்டில் விஸ்கி குடித்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் மேடையேறி முந்நூறு செம்மறியை நாக்குக் குழறாமல் விற்றவர் அவர் என்று அவளுக்குத் தெரியும்.

தரையில் பரவிய சாராயத்திலிருந்து வாடை எழும்பியது. வாயில் இருந்ததைவிட இப்போது மோசம். ஒருத்தி மூக்கைப் பிடித்தாள். இன்னொருத்தி கழுத்துத் துணியை மேலே இழுத்துக்கொண்டாள். மெரியல் துடைப்பத்தோடு குனிந்தவள், “பரவால்ல, உள்ள இன்னொன்னு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்,” என்றாள்.

“ஒரு நிமிஷம், மிஸஸ் ஹார்ட்லா,” என்றாள் ஹென்ஷா. “உடைஞ்சதுல என்ன இருந்துச்சு?”

“இப்பதான் சொன்னேனே. புது வடிப்பு.”

“அப்படியா?”

மெரியல் நிமிர்ந்தாள். மூக்கைப் பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கத்பர்ட் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“தப்பு என்னோடது,” என்றார் உரக்க. “கூட்டம் வர்றதுக்கு முன்னாடி நான் உள்ள போயி பாட்டிலையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். எடம் மாத்தி வெச்சுட்டேன் போல. அவ மேல குத்தம் இல்ல.”

அவர் வாயிலிருந்து வந்த பொய் அவருக்கே புதியவன் ஒருவன் குரல்போலக் கேட்டது. ஆனால் நல்ல பொய். குடிகாரக் கிழவன் ஒருவன் பாட்டிலை மாற்றி வைத்தான், பிறகு உடைத்தான். பழி முழுவதும் அவர் தலையோடு போகும், பெயர் தப்பிக்கும். மெரியல் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

மெரியல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“இல்ல,” என்றாள். “கத்பர்ட் ஒண்ணையும் தொடலை. நானும் கூடத்தான் இருந்தேன்.”

“பொண்ணே, நான்தான்—”

“நீங்க இருங்க.” மெரியல் கையை உயர்த்தித் தடுத்தாள். “குறை இருந்தா வளையத்துல நின்னு வாயால சொல்லணும்னு இப்பதானே சொன்னீங்க? குறை எனக்கு. ஜனவரியில காய்ச்சல் வந்துச்சு. அதுலேருந்து எனக்கு வாசனை தெரியறதில்லை. ஒண்ணுமே. தீஞ்சாக்கூடத் தெரியாது.”

பிம்மின் வாயில் ‘அற்புதம்’ வந்து நின்றுபோனது தெரிந்தது.

“சூட்டையும் சாராயத்தோட பலத்தையும் அளந்து பார்த்து வடிக்கறேன். ஏய்டன் லீவுல வர்றப்போ எல்லாத்தையும் மோந்து சரின்னு சொன்னப்புறம்தான் லேபிள் ஒட்டுவோம். கடைக்குப் போன ஒவ்வொரு பாட்டிலும் அவர் பார்த்தது. இது அவர் பார்க்காதது. உங்களுக்காக அவசரப்பட்டுட்டேன்.” கையை ஏப்ரனில் துடைத்தாள். “மூக்கு போனப்புறமும் மூக்கு இருக்கறவ மாதிரியே லேபிள் ஒட்டாம வெச்சிருந்தேன். வீம்பு. வேற ஒண்ணும் இல்ல.”

“அப்போ நல்லது எங்க?” என்று கேட்டாள் ஹென்ஷா.

“உள்ளதான் இருக்கு. எதுன்னு என்னால சொல்ல முடியாது. யாராவது மோந்து பார்த்துச் சொல்லணும்.”

எல்லார் கண்ணும் ஒருமுறை கத்பர்ட்மேல் போய்விட்டு, குடிபோதையில் இருக்கிறவர் என்று நினைவு வந்து விலகியது. அவர் பல்லைக் கடித்தார்.

டார்கஸ் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். “எனக்கு இருக்கறது மூக்கு ஒண்ணுதான். வாங்க பார்ப்போம்.” பலகை அருகே போய் வரிசையாக மூடியைத் திறந்தாள். “இது நகப்பூச்சு. இது… ஐயையோ, செத்துப்போன பெர்சி மாமாவோட மழைக்கோட்டு. இதுவும் அவரேதான். இது என்ன… ம்.” அதை மட்டும் இரண்டாம் முறை மோந்தாள். “இது நல்லாருக்கு. இலையைக் கசக்கின மாதிரி.”

ஹென்ஷா அதைத் தானே ஊற்றிக்கொண்டாள். ஒரு மிடறு, பிறகு தண்ணீர் விட்டு ஒரு மிடறு. குவளை தெளிந்தே இருந்தது. அவள் ஜன்னலருகே போய் நின்றாள், திரும்பி வந்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “ரொம்பவே. ஆனா நான் இன்னிக்கு எழுதிக்குடுக்க முடியாது. நடந்ததை அப்படியே கம்பெனியில சொல்லணும். ருசி நல்லதுன்னும் சொல்வேன், வடிக்கறவங்களுக்கு மூக்கு இல்லைன்னும் சொல்வேன். அவங்க என்ன முடிவு பண்ணுவாங்களோ எனக்குத் தெரியாது.”

“சரி,” என்றாள் மெரியல்.

ஹென்ஷா கை கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கத்பர்ட் வாசலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். கடைசியில் முற்றத்தைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து, கிளம்பப்போன காரின் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது.

“எனக்குப் போதை ஏறலை,” என்றார்.

“தெரியும்.”

“பாட்டிலை வேணும்னேதான் தட்டிவிட்டேன். மாத்தி வெச்சேன்னு சொன்னதும் பொய்.”

“அதுவும் தெரியும். குடிச்சவன் முழங்கையை வீசறதுக்கு முன்னாடி குறி பார்க்க மாட்டான்.” ஹென்ஷா சாவியைத் திருப்பினாள். “இதை எதுக்கு இப்ப சொல்றீங்க?”

“கம்பெனியில சொல்றப்போ இதையும் சேர்த்துச் சொல்லுங்க,” என்றார். “மறைக்கப் பார்த்தது மாமனார். மருமக இல்ல.”

கார் போன பிறகு திரும்பினார். கொட்டகை வாசலில் மெரியல் தனியாக நின்றிருந்தாள். உள்ளே தோழிகள் நல்ல பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்ட சத்தம் கேட்டது.

“பெயிண்டரைத் திங்கட்கிழமை வரச் சொல்றேன்,” என்றாள். “சுவர்ல இருக்கறதை அழிச்சிடலாம். லேபிளுக்கு வேற பேர் யோசிக்கறேன். உங்க நிபந்தனை எனக்கு ஞாபகம் இருக்கு.”

கத்பர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நாலடி நடந்தார்.

“நிபந்தனை என்ன?”

“மட்டமான பாட்டில் ஒண்ணு வெளிய போனா…”

“எங்க போச்சு?”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“கேக்கறேன் இல்ல? எந்தப் பாட்டில் வெளிய போச்சு? அது உள்ள தரையில கெடக்கு, நூறு துண்டா. வாசப்படி தாண்டலை.” குரல் தேவைக்குமேல் உயர்ந்திருந்தது. “பெயிண்டரும் வேணாம் கியிண்டரும் வேணாம். முதல்ல அந்தப் பலகையில இருக்கறதுக்கெல்லாம் லேபிள் ஒட்டு. ஏய்டன் இல்லாதப்போ டார்கஸ் வந்து மோந்துட்டுப் போவா.”

“யாரைக் கேட்டு?” வாசலில் கைப்பையோடு வந்து நின்ற டார்கஸ் கேட்டாள்.

“உன்னைத்தான் இப்ப கேக்கறேன்.”

“கேட்ட மாதிரி இல்லையே. கட்டளை போட்ட மாதிரி இல்ல இருக்கு.” மெரியலின் கையைப் பிடித்து அழுத்தினாள். “வர்றேன்டீம்மா. பால் மட்டும் நானே கொண்டு வர்றேன்.”

மெரியல் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கத்பர்ட் காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். பிம் உள்ளேயிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். “பெரியவரே! நீங்களா ஓட்டப்போறீங்க? இந்த நெலமையிலயா? வேணாம், சொன்னாக் கேளுங்க!” பின்னால் தோழிகளும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

அவர் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பாட்டிலை ஏன் உடைத்தார் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும், மெரியலின் காதில் விழும்படி, மறுபடியும் அவிழ்க்க வேண்டும். வாயை மூடினார். உதடு நனைத்ததோடு நிறுத்திக்கொண்ட தங்கையிடம் சாவியை நீட்டினார்.

டார்கஸ் அதை வாங்கிக்கொண்டாள். “நாளைக்குள்ள ஊரெல்லாம் சொல்லிடுவாங்க, ஹார்ட்லா குடிச்சுட்டு விழுந்தாருன்னு.”

“சொல்லட்டும்.”

அவர் மறுபக்கம் சுற்றிப்போய், தம் சொந்தக் காரில் முதன்முறையாகப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. டார்கஸ் கியரைக் கரகரவென்று இழுத்தாள்.

“பாத்து! மெதுவா!”

“சத்தம் போடாதே,” என்றாள் டார்கஸ். “நீ குடிச்சிருக்கே. கண்ணை மூடிட்டுத் தூங்கு.”

கார் குலுங்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறியது. கத்பர்ட்டின் வலது கால், இல்லாத பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டிருந்தது.